பொருக்கு விழும் வரை

அந்த வருஷம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும், "நல்லா தேறிட்டியேம்மா, கன்னம்லாம் உப்பிக்கினு இருக்குது" என்றார்கள். நான் தேறவில்லை. அது மாத்திரையால் வந்த வீக்கம். என் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், அண்ணன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து, அதை என் அடிவயிற்றில் வைத்துத் தைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுவில் சின்ன காஞ்சிபுரத்தில் அப்படியொரு காரியத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆம்பளை சிறுநீரகம் வைத்தால் மீசை முளைக்குமா என்று எதிர்வீட்டுக்காரி என்னிடமே கேட்டாள். உதட்டுக்கு மேல் பூனைமயிர் முளைக்கத்தான் செய்திருந்தது. அதுவும் மாத்திரையின் வேலைதான், அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கூடப் பிறந்தவர் கொடுத்ததா இருந்தாலும் உங்க உடம்புக்கு அது அயலான்தான். அடிச்சுத் துரத்தப் பார்க்கும். அந்தக் கையைத்தான் மாத்திரை கட்டிப்போடுது" என்றார். கட்டிப்போட்ட கை வேறு எதையும் தடுக்காது. அதனால் ஊரில் எல்லாருக்கும் குத்துகிற அம்மை ஊசி எனக்குக் கூடாது. மற்றவர்களுக்குக் குத்திய இடத்தில் ஒரு கொப்புளம் எழும், காயும், பொருக்கு விழும். அதற்குள் உடம்பு அம்மையை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிடும். என் உடம்பு கற்றுக்கொள்ளாது, கொப்புளம் மேலெல்லாம் பரவிவிடும். வீட்டில் வேறு யாருக்குக் குத்தினாலும் பொருக்கு விழும் வரை நான் அவர்களைத் தொடக் கூடாது. தொட்டு ஒட்டிக்கொண்டால் பிழைப்பது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

எங்கள் வீட்டில் குத்தாமல் விட்டிருந்தது என் மகளுக்கு மட்டும்தான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே நான் படுத்துவிட்டேன், யாருக்கும் அந்த நினைப்பு வரவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையில் தழும்பு வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவுக்கு ஊசிக்காரர்கள் வருவதாகச் சொன்ன அன்று விடியற்காலை நான் ஓரிக்கைக்குக் கிளம்பினேன். பாலாற்றை ஒட்டி, தறிச் சாமான் போட்டுவைக்க அண்ணன் வைத்திருந்த ஒற்றை அறை அங்கே இருந்தது. அண்ணன் வீட்டிலும் பிள்ளைகளுக்கு அதே ஊசி, அங்கேயும் போக முடியாது.

எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. ஓரிக்கையில் காதுக்குள் ஒன்றுமே இல்லை. பகல் முழுக்க யாரோடும் பேச்சு இருக்காது. சாயங்காலம் அண்ணன் தூக்குச் சட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் ஊசி குத்திய பிள்ளைகளைத் தூக்கும் கை என்று பத்தடி தள்ளிப்போய் நின்று, "இன்னாமா, எப்படி இருக்குது?" என்பார். பதில் சொல்லக் குரல் வராமல் தொண்டையைச் செருமிக்கொள்வேன். அவர் உடம்பில் ஒரு பாகம் என் வயிற்றுக்குள் இருந்தது, அவர் கையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஒருநாள் சோற்றில் உப்பில்லை என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். உப்புப் போடாதே என்று சொன்னதே டாக்டர்தான். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் நடந்ததெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஜனங்களுக்கு ஊசி குத்திக் கொப்புளம் எழும்பினாலும் அது ஆத்தாதான். மகளுக்குக் காய்ச்சல் கண்டதும் என் நாத்தனார் வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பதை நிறுத்தி, குழந்தையை வேப்பிலைமேல் படுக்கவைத்திருக்கிறார். நாள் பார்த்து மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கூழ் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றியிருக்கிறார். மூன்றாம் தண்ணீர் ஆகிவிட்டால் யாரும் தொடலாம், இது எங்கள் கணக்கு. பொருக்கு விழ வேண்டும் என்று நான் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மூன்றாம் தண்ணீருக்குப் பிறகும் ஒன்று பாக்கி இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. டாக்டர் சொல்லாவிட்டால் நானும் அப்படித்தான் கணக்கு வைத்திருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சைக்கிள் மணி கேட்டது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே மகளை முன்கம்பியிலிருந்து இறக்கிவிட்டார். அவள் முகமெல்லாம் மஞ்சளோடு ஓடிவந்தாள். நானும் இரண்டு கையையும் விரித்துவிட்டேன். நாலடி இருக்கும்போது சட்டைக் கை விலகியது. புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாகப் பொருக்கு. நான் உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"அம்மா, கதவத் தெற."

தாழ்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

"மூணு தண்ணி ஊத்திக்கினேன்மா. இனிமே அம்மாவத் தொடலாம்னு அத்தை சொல்லுச்சி."

"கையில பொருக்கு இருக்குது கண்ணு. அது விழணும்."

"இது வேணாம்மா. பிச்சிப் போட்டுர்றேன்."

"ஏங்க, அவ கையைப் பிடிங்க" என்று உள்ளேயிருந்து கத்தினேன். அவர் பிடித்துவிட்டார் போலிருக்கிறது, அவள் வீறிட்டாள். அப்புறம் அவர் கதவருகில் வந்து, "தெரியாம பண்ணிட்டேன்மா" என்றார். சைக்கிள் ஓரிக்கை முனை திரும்பும் வரை அவள் அழுகை கேட்டது.

அண்ணன் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அந்த நிமிஷம் அண்ணன் ஞாபகம் எனக்கு இல்லை. எனக்குச் சாகப் பயம். பெற்ற பிள்ளையைப் பார்த்து நடுங்கினேன், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்பது நாள் கழித்துப் பொருக்கு தானாக விழுந்தது. அதை எரித்துவிட்டோம் என்று அண்ணன் வந்து சொன்ன பிறகு வீட்டுக்குப் போனேன். அவள் தறிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். "வா கண்ணு" என்றேன். வரவில்லை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, "வரட்டுமா?" என்றாள்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் விடவில்லை. தினமும் சாயங்காலம் வாசற்படியில் நின்று பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவாள். வேண்டாம் கண்ணு, எல்லாம் சரியாகிவிட்டது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நான் பார்த்து "வா" என்று சொல்லும் வரை படியிலேயே நிற்பாள்.