மெழுகுப் பொட்டு

பக்கவாதம் வந்த பிறகு என் மாமனாருக்கு வலது கை விழுந்துவிட்டது. கண்ணில் ஏற்கெனவே புரை. ஆள் நிழலாகத்தான் தெரியும். தண்ணீர் குடிக்க, வெளியே போக, எல்லாவற்றுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு ஊருக்கே விளக்கம் சொன்ன மனிதர் அவர். கூப்பிடுவதுதான் அவருக்குப் பெரிய வெட்கம். டிரான்சிஸ்டர் வந்த காலம் அது. "நானே போட்டு நானே அமத்துற மாதிரி ஒண்ணு வாங்குங்கப்பா" என்றார்.

புதுக்கோட்டைக் கடைக்கு அவரையும் கூட்டிப் போனோம். உலகத்தையே பிடிக்கும் என்று கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டினார். வரிசையாகப் பொத்தான்கள். என் வீட்டுக்காரர் அதில் சொக்கிப் போனார். மாமனார் இடது கையால் ஒவ்வொன்றையும் முருங்கைக்காய் வாங்குகிறவர் மாதிரி முறுக்கிப் பார்த்தார்.

"உலகம் எனக்கெதுக்கு? திருச்சி போதும்" என்று சொல்லி, இருப்பதிலேயே அவலட்சணமான பெட்டியை எடுத்துக்கொண்டார். பெரிய பெரிய திருகு இரண்டு. ஒன்று சத்தத்துக்கு, மற்றது ஸ்டேஷனுக்கு. கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

இருந்தாலும் கை நடுக்கத்தில் ஸ்டேஷன் எங்கேயோ ஓடிவிடும். அந்தத் திருகில் ஒரு மேடு இருந்தது. திருச்சி வருகிற இடத்தில், பெட்டியின் மேல், நான் நெற்றியில் குங்குமம் நிற்பதற்காகத் தடவும் மெழுகில் ஒரு துளி ஒட்டினேன். மேட்டை மெழுகுக்கு நேரே கொண்டுவந்தால் செய்தி. அன்று சாயங்காலம் அவரே போட்டார். அவரே அமர்த்தினார். பிறகு காரணமே இல்லாமல் மறுபடியும் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது; அடுப்பைப் பார்க்கப் போனேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையானால் உலக்கைக்குக்கூடப் பொட்டு உண்டு. பெட்டி வந்த வாரத்து வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, செய்தி நேரத்தில் சிலோன் சினிமாப் பாட்டு வர ஆரம்பித்தது. சினிமாப் பாட்டென்றால் எழுந்து போகிறவர், அசையாமல் உட்கார்ந்து கேட்டார். வயதான காலத்தில் ரசனை மாறிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மாமியார் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். மெழுகு பெட்டியின் நட்டநடுவில் இருந்தது, மேலே குங்குமத்தோடு. திருகின் மேடும் அதற்கு நேரே திரும்பி சிலோனில் நின்றது.

"அயித்தை, நீங்களா இதை மாத்தி வச்சீங்க?"

"பின்னே, பொட்டைக் காதோரத்துலயா வப்பாக? நெத்தியில இருக்க வேணாமா?"

மாமனாரிடம் ஓடினேன். "மாமா, திருச்சி வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்து திருப்பி வப்ப. அப்பறம் இதுக்கும் ஒரு ஆளுன்னு ஆயிரும்ல, தாயி."

பழைய இடத்தில் புது மெழுகு ஒட்டினேன். காட்டலாம் என்று அவர் விரலைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றேன். அவரே தடவித் தேடிக் கண்டுபிடித்தார். நடுவில் இருந்ததைச் சுரண்டி எடுக்கக் கை வைத்தேன்.

"அதுவும் கெடக்கட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் செய்தி கேட்டது. செய்தி முடிந்ததும் பாட்டு கேட்டது. அவர் யாரையும் கூப்பிடவில்லை.