டாக்டர் சொன்னதில் ஆளுக்குப் பாதி

டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது பால் எடுக்க எழுந்து போனேனே, அந்தப் பத்து நிமிடம் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தால் இன்று எங்கள் மகள் பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பாளா?

மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கூடவே நுரையீரலில் தொற்று. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் நெஞ்சு குழிந்தது. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய படலம் வேண்டும், அதற்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். பெரும்பகுதி கொழுப்புதான், ஆனால் அதைச் சரியாகப் பரவவைப்பது அதிலிருக்கும் சில புரதங்கள் என்றார். அதற்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்துக் கொடுக்க நர்ஸ் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

மீதியைக் கேட்டவர் கணவர். தொற்றால் நுரையீரல் புண்பட்டதில், ரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் அந்தப் பைகளுக்குள் கசிந்து படலத்தைக் கெடுத்துவிட்டதாம். குழாய் வழியாக சர்ஃபாக்டன்டை மருந்தாகக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

நான் கேட்டது நல்ல புரதம். அவர் கேட்டது கெட்ட புரதம். போனில் குறித்தே வைத்திருக்கிறார்: ‘புரோட்டீன் உள்ளே போனால் ஆபத்து.’

இப்போது அவளுக்குப் பத்து மாதம். இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. பருப்பு கொடுங்கள் என்கிறார் டாக்டர். மயிலாப்பூர் கடையில் நான் வாங்கி வந்த பாசிப்பருப்பை இவர் பரணில் ஏற்றிவிட்டார்.

“ஏங்க, சாப்பிடற பருப்பு வயித்துக்குத்தான் போகும்.”

“பொரை ஏறினா?”

“ஏறினா ரசம்கூடத்தான் ஏறும்!”

“ரசத்துல புரோட்டீன் இல்லல்ல?”

“ரசத்தையே நான் பருப்புத் தண்ணியிலதான் வைக்கறேன்” என்று வாயை விட்டேன். அன்றோடு ரசமும் நின்றது. படித்த பெண், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை.

டாக்டருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். வயிற்றுக்குப் போகும் புரதம் செரித்துவிடும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். போனை வைத்ததும் இவர், “நாம பயந்துடக் கூடாதேன்னு அப்படிச் சொல்றாரும்மா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தேன்.

“ஆஸ்பத்திரியில நீ பால் எடுக்கப் போயிடுவ. அவ நெஞ்சு குழியறதை நான்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்” என்றார்.

நேற்று மதியம் ஸ்டூல் போட்டு ஏறி, பருப்பை இறக்கி, வேகவைத்துச் சோற்றோடு மசித்தேன். அவள் வாயைத் திறந்தாள். இவர் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணும் அங்கே போனது. எல்லாம் தெரிந்த என் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் தயிர் சாதம்தான் ஊட்டினேன். தயிரிலும் புரதம் இருக்கிறது என்பதை இந்தமுறை சொல்லவில்லை.

வியாழக்கிழமை மறுபடி எடை பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தையை வளர்த்தவர்கள் யாராவது தயவுசெய்து எழுதுங்கள். பருப்பு ஒன்றும் செய்யாது என்பதை, அந்த நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு எப்படிப் புரியவைத்தீர்கள்? எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.