முந்நூறுக்கு என்று அவள் சொன்னாள்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆடி பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தராக இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். விடியற்காலையில் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நின்று, தீர்த்தம் பெற்றுக்கொண்டு, ஏழரை மணிப் பேருந்தைப் பிடிப்பது என் வழக்கம். பாசுரங்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அதனால் ஆலையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பி.எஃப். தாளோ, நீதிமன்ற அழைப்போ, பட்டாளத்திலிருந்து மகன் எழுதிய கடிதமோ, எதுவானாலும் தொழிலாளர்கள் என் மேசைக்குத்தான் கொண்டுவருவார்கள். 'தெரியாது' என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. அதை ஒரு தகுதியாகவே நினைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் ஆலையில் நூற்பு எந்திரங்களைக் கவனிக்கும் சைடர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அந்த வாரம் அவருக்கு மூன்று மணி ஷிப்ட். மகள் பிளஸ் டூ முடித்து, பொறியியல் நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தாள். சென்னையில் நடக்கும் கவுன்சலிங்குக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரவேண்டும் என்றிருந்தது.

"ஐயா, இதுக்குப் போனா சீட்டு கெடைக்குமா, இல்ல சும்மா அலைச்சலா? நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றார் சைடர்.

மதிப்பெண் பட்டியலை வாங்கினேன். என் கண் முதலில் போனது தமிழுக்கு. நூற்றுப் பன்னிரண்டு. ஆங்கிலம் நூற்று இருபத்தொன்று. மொத்தம் ஆயிரத்து இருநூறுக்குத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. அழைப்புக் கடிதத்தில் 'கட்-ஆஃப்' என்று போட்டு, 274.50 என்று அச்சிட்டிருந்தது. அந்த எண் எதைக் கூட்டி, எதைக் கழித்து வந்தது என்பது எனக்குச் சிறிதும் தெரியாது.

"தமிழில் நூற்றுப் பன்னிரண்டா! ஏம்மா, பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் என்னதான் பண்ணினாய்?"

"கணக்குல இருநூறு, ஐயா" என்றாள் அவள், மெதுவாக.

"இருக்கட்டும். இந்த இருநூற்று எழுபத்து நாலு எதற்கு?"

"முந்நூறுக்குன்னு எங்க மிஸ் சொன்னாங்க."

"பரீட்சை ஆயிரத்து இருநூறுக்கு. அது எப்படி முந்நூறாகும்? உங்க மிஸ் சொன்னதை நீ ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டாய்."

அவள் மறுபடி வாயெடுத்தாள். "ஏ பிள்ள, ஐயாவ விடவா நமக்குத் தெரியும்? சும்மா இரு" என்று தகப்பனார் அடக்கினார். தொள்ளாயிரத்து எழுபத்தாறுக்கு இடம் கிடைக்காது, இந்தக் கடிதம் விண்ணப்பித்த எல்லாருக்கும் அனுப்புவது, பெண்ணை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலைப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவருடைய மகனுக்கு முந்தைய நாள்தான் கவுன்சலிங்கில் இடம் கிடைத்திருக்கிறது.

"தமிழும் இங்கிலீஷும் பாஸானாப் போதும்வே. கணக்கு நூறு, பிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பதுன்னு சுருக்கிருவான். அதோட என்ட்ரன்ஸ் நூறு. ஆக முந்நூறு. நம்ம பய எரநூத்தி எழுபத்தொம்பது."

"எழுபத்தஞ்சு கிட்ட இருந்தா?"

"அவியளுக்கென்ன, மதுரையிலயே கேட்டது கெடைக்கும். நாளைக்கி அவியளத்தான் கூப்புடுதான்."

கணக்கில் இருநூறு வாங்கியதை அவள் சொன்னாள்; முந்நூறுக்கு என்றும் சொன்னாள். இரண்டும் சரி. என் மேசையில் இருந்த ஒரே தவறு நான்தான்.

அன்று மூன்று மணிக்குச் சைடர் வேலைக்கு வருவார். அப்போது சொல்லியிருந்தால்கூட மாலைப் பேருந்தில் ஏறி, வியாழன் காலை சென்னையில் இருந்திருக்கலாம். சொல்லிவிடவேண்டும் என்றுதான் வாசலுக்குப் போனேன். அவர் நாலைந்து பேரோடு வந்தார். என்னைக் கண்டதும், "ஐயா சொன்னதச் சொன்னேன். செத்த நேரம் அழுதா, பொறவு சரியாயிட்டா" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவ்வளவு பேர் நடுவில் 'நான் தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்ற வாக்கியம் எனக்கு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். பேருந்து புறப்படும் நேரம் கடந்துபோவதை அலுவலகக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை நான் செய்தது அறியாமை. புதன்கிழமை செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மறுநாள் விடியலில் கோஷ்டியில் நின்றேன். அடியவன் தன்னைக் கடையனிலும் கடையனாகச் சொல்லிப் பெருமாள் முன் விழும் பாசுரங்கள் வந்தன. நைச்சியம் என்போம். முப்பது ஆண்டுகளாக உருகி உருகிச் சேவித்தவை அவை. ஆண்டவனிடம் தினமும் 'நான் ஒன்றுமறியாதவன்' என்று குரலெடுத்துச் சொல்கிற நான், ஒரு மனிதரிடம் ஒரே ஒருமுறை அதைச் சொல்ல முடியாமல் ஒளிந்துகொண்டேன் என்பது அந்த இடத்தில் உறைத்தது. பாசுரத்தில் ஓர் அடி தப்பியது. பக்கத்தில் நின்றவர் எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. தீர்த்தம் வாங்காமலே வெளியேறி, ராஜபாளையம் போய், அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். சைடரின் மனைவி, "எம்புட்டு நம்பி வந்தோம், ஐயா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மகள் உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்தாள். சான்றிதழ்கள் அடுக்கி, அழைப்புக் கடிதம் மேலாக வைத்துக் கட்டியிருந்தது. நான் இடம் கிடைக்காது என்று சொன்ன பிறகும் அவள் அதைப் பிரிக்கவில்லை.

"தவறினவங்க மறுநாளும் வரலாமாம். மீதி இருக்கதுல எடுத்துக்கிடலாமாம். கடுதாசியிலேயே போட்டிருக்கு" என்றாள். அதை நான் படிக்கவே இல்லை.

"ஐயா கூட வந்தா எங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்றார் சைடர். அந்த வார்த்தையைக் கேட்கும் அருகதை எனக்கு இல்லை. ஆனாலும் போனேன்.

வெள்ளிக்கிழமை சென்னையில் வரிசை நகர்ந்து, மேசைக்கு வந்தோம். அவள் கேட்டது மதுரைக் கல்லூரியில் மின்னணுவியல். அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நேத்து மத்தியானம் வரைக்கும் இருந்துச்சேம்மா. ஏன் நேத்தே வரலை?" என்றார்.

நான் பேசவேண்டிய இடம் அது. எனக்கு முன் சைடர், கையைக் கட்டிக்கொண்டு, "எங்களுக்குத்தான் கடுதாசிய வாசிக்கத் தெரியல, சார்" என்றார்.

"இவ்வளவு மார்க் வாங்கின பொண்ணுக்கா வாசிக்கத் தெரியலை?" என்று அலுவலர் சிரித்தார். அவள் ஒருகணம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, "ஆமா சார்" என்றாள்.

நெற்றியில் திருமண்ணோடு பக்கத்தில் நின்ற நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

சேலத்துக்கு அப்பால் ஒரு கல்லூரியில், கட்டடப் பொறியியல் கிடைத்தது. படித்து முடித்து நல்ல வேலைக்கும் போனாள். என்னிடம் அவர்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இரண்டாம் ஆண்டு விடுமுறையில், விடுதிக்குக் கொடுக்கவேண்டிய ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "ஐயா, நூத்திப் பன்னெண்டு எழுதுனது. தப்பு இருந்தா திருத்துங்க" என்று சிரித்தாள். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

அதன்பின் யார் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும், "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். முதலில் நாக்கு கூசியது, இப்போது கூசுவதில்லை. ஆனால் அந்த நைச்சியப் பாசுரங்கள் வரும்போது மட்டும் கோஷ்டியில் என் குரல் தானே இறங்கிவிடுகிறது; கடிதத்தைச் சரியாகப் படித்த ஒரு பெண், வாசிக்கத் தெரியாதவள் என்ற பெயரை எனக்காக ஏற்றுக்கொண்டு தலைகுனிந்து நின்ற அந்த மேசைதான் பெருமாளுக்கும் எனக்கும் நடுவில் தெரிகிறது.