பொங்கல் பானைக்குப் போன மான் படங்கள்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தைப் பொங்கலன்று காலை, யாங்கோனில் நாங்கள் குடியிருக்கும் நாலாம் மாடி வீட்டில். அன்றைக்கு என் மருமகள் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால், நாளும் கிழமையுமாக வீடு ரெண்டுபட்டிருக்கும்.

மருமகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதி பர்மியம் வந்து விழும். காட்டு விலங்குகளைப் பாதுகாக்கும் ஒரு சின்னக் குழுவில் வேலை செய்கிறாள். வடக்கே மழை குறைந்த சீமையில் ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே இருக்கும் மான்களைக் கண்காணிப்பதுதான் வேலை. பர்மியத்தில் 'தமின்' என்பார்கள். நெற்றியிலிருந்தே கொம்பு வில்லாக வளைந்து போகும் மான். அடியோடு அழிந்துபோகும் நிலையில் இருக்கிற இனமாம்.

ஆனால் நான் பார்த்தவரை அவள் கண்காணித்ததெல்லாம் புல்லைத்தான். மரத்தில் கட்டிய கேமரா, எதிரே எது அசைந்தாலும் தானாகவே படம் எடுத்துவிடும். காற்றில் புல் ஆடினாலும் ஒரு படம். எங்கள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அத்தனையையும் ஒன்று விடாமல் பார்ப்பாள். "மாடுகூட இத்தனை நேரம் புல்லைப் பார்க்காதும்மா" என்று கேலி செய்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே அடுத்த புல்லுக்குப் போய்விடுவாள்.

அந்தப் பக்கம் சண்டை நடந்தது. யாருக்கும் யாருக்கும் என்று எழுத நான் வரவில்லை. காவலர்கள் போய்விட்டார்கள், வீடுகள் எரிந்தன, ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் மான் கறி சுலபமாகக் கிடைத்தது. பிறகு சண்டை வேறு பக்கம் நகர்ந்தது. ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். மான்களும் திரும்பி வந்தன. ஆனால் பெரிய மான்கள் மட்டும்தான், குட்டியே தென்படவில்லை. குட்டி இல்லாத கூட்டம் எத்தனை நாள் ஓடும்? இந்தப் பருவத்திலும் குட்டி தெரியாவிட்டால் அங்கிருக்கும் கேமராக்களைக் கழற்றி வேறு காட்டுக்குக் கொண்டுபோவது என்று குழுவில் முடிவாகியிருந்தது. மருமகள் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படங்கள் எந்த வழியாக யாங்கோனுக்கு வந்து சேருகின்றன என்பது.

அன்று பொங்கல். மருமகள் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கக் கோயில் பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். இந்த ஊரில் பொங்கலுக்கு லீவு கிடையாது. மகனுக்குத் தன்லியினில் ஃபேக்டரி வேலை. விடியும் முன்பே கிளம்பிவிட்டான். நான் அரிசியும் பருப்பும் களைந்து வைத்துவிட்டு வெல்லத்தை எடுத்துப் பார்த்தால், கடைக்காரன் சர்க்கரை கலந்த சரக்கைத் தலையில் கட்டியிருக்கிறான். வாயில் வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது வாசல் பக்கம் மணி அடித்தது.

எங்கள் ஊர் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழே ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பரோ காய்கறியோ கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். எட்டிப் பார்த்தேன். கீழே மகன். வேலைக்குப் போகுமுன் வெளியூர் பஸ் நிலையத்துக்குப் போய் எடுத்து வந்த ஒரு பையை மாட்டிவிட்டு, "அம்மா, அவகிட்ட குடுத்துரு!" என்று கத்திக்கொண்டே தன்லியின் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். இழுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே தன்யெட், அதாவது பர்மாப் பனைவெல்லம். வாசனையே ஆளைத் தூக்கியது. அம்மனே அனுப்பிவைத்தாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவகிட்ட குடு என்றால் என்ன, அவளும் சாப்பிடத்தானே போகிறாள்?

கட்டிகளில் ஒன்று மற்றதைவிடப் பெரியது. அதை எடுத்துக்கொண்டு மற்றதை டப்பாவில் போட்டேன். இடிக்கச் சோம்பல்பட்டு முழுசாகவே கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டினேன். எந்த வெல்லமானாலும் வடிகட்டாமல் நான் பானையில் ஊற்றுவதில்லை. துணியில் வழக்கம்போல மண், ஓலைத் துணுக்கு, செத்த எறும்பு. அதோடு இறுகச் சுருட்டிய பிளாஸ்டிக், ஒரு சின்னச் சுருட்டு மாதிரி. எடை கூட்ட எதை எதையெல்லாம் போடுகிறான்கள் பார் என்று முனகிக்கொண்டே, பின் ஜன்னல் வழியாகத் துணியைச் சந்தில் உதறினேன். இந்த ஊரில் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சந்துதான் எல்லோருக்கும் குப்பைத்தொட்டி. செய்யக்கூடாததுதான். எல்லோரும் செய்கிறோம்.

பொங்கல் பொங்கியது. ஒற்றை ஆளாகவே "பொங்கலோ பொங்கல்" என்று கூவி முடிக்கவும் கரும்போடு மருமகள் உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவள் கண் அடுப்பைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த காலிப் பையைப் பார்த்தது.

"அத்தே, இதுல பெரிசா ஒண்ணு இருந்திச்சா?"

"இருந்திச்சு. இப்ப பானையில இருக்கு. என்ன மணம் பாரு!"

கரும்பை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "வடிகட்டினீங்களா? துணியில ஏதாச்சும் தங்கிச்சா?" என்றாள். அப்புறம், தமிழும் பர்மியமுமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் போன் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. வழியெல்லாம் சோதனைச் சாவடி. கேமராவின் மெமரி கார்டோடு ஒருவர் பிடிபட்டால், யாரைப் படம் எடுத்தாய், யாருக்காக எடுத்தாய் என்றுதான் முதல் கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லி மீண்டவர்கள் குறைவு. அதனால் விறகு பொறுக்கப் போகும் ஒரு பெண் கார்டைக் கழற்றி எடுத்து வருவாள். அதை பிளாஸ்டிக்கில் சுற்றி, பாகு இறுகும் நேரத்தில் கட்டிக்குள் வைத்துவிடுவாள். நாலு வெல்லக் கட்டிகளோடு அதுவும் பஸ் ஏறும். மகனுக்கு இது தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு பிரஷர் என்று ஒரு காரணம் சொன்னார்கள். இன்னொரு காரணம் என் வாய். இரண்டாவதுதான் நிஜமான காரணம் என்று எனக்கும் தெரியும். இப்போது அந்த வழியையே மாற்றிவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

குட்டி பிறக்கும் மாதங்களின் படங்கள் மொத்தமும் அந்தச் சுருட்டில் இருந்தன. நான் அதைக் கொதிக்கவைத்து நாலாம் மாடியிலிருந்து குப்பையில் எறிந்திருக்கிறேன். "என்னைய நாலு வார்த்தை திட்டும்மா" என்றேன்.

"திட்டினா கார்டு மேல வருமா அத்தே? வாங்க, கீழ போவோம்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த லொன்ஜியைத் தூக்கிச் சொருகினாள். கோபம் இருந்திருக்கும். அதை எங்கே வைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சந்தின் இரும்புக் கதவுச் சாவி கீழ்த்தளத்து டீக்கடைக்காரரிடம் இருந்தது. வாங்கித் திறந்தோம். அந்த நாற்றத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பொங்கலுக்கு எடுத்த புதுப் பட்டுப்புடவையோடு நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். காய்கறித் தோல், முட்டை ஓடு, அறுந்த செருப்பு, எலி. பிளாஸ்டிக் என்று பார்த்தால் சந்து முழுக்க பிளாஸ்டிக்தான். இதில் கட்டை விரல் அகலச் சுருட்டை எங்கே தேடுவது? எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளோ ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, பார்த்து, தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் உட்கார்ந்து புல்லைப் பார்ப்பாளே, அதே முகம். ஆயிரம் படத்தில் ஒன்றில் மான் இருக்கும் என்று நம்பி, மற்ற எல்லாவற்றையும் அலுக்காமல் பார்க்கிற பொறுமை எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் கேலி செய்ததும் இந்தப் பொறுமையைத்தான்.

அப்போது என் காலை ஏதோ கடித்தது. குனிந்து பார்த்தேன். எறும்புச் சாரி. எனக்குப் பொறி தட்டியது. "ஏய், எறும்பு எங்க போகுதுன்னு பாரு! வெல்லம் ஒட்டியிருக்குமில்ல!" இரண்டு பேரும் எறும்புச் சாரியைத் தொடர்ந்து குனிந்துகொண்டே போனோம். குழாயை ஒட்டி ஒரு உடைந்த பக்கெட். அதற்குள் எறும்பு மொய்த்துக் கறுத்துக் கிடந்தது சுருட்டு.

வீட்டுக்கு வந்து கார்டைத் துடைத்து, அரிசிப் பானைக்குள் ஈரம் போகப் புதைத்து வைத்தாள். லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. கரண்ட் எங்கள் தெருவுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அதுவரை அவள் என்ன செய்தாள் என்கிறீர்கள்? குளித்துவிட்டு, ஆறிப்போன பொங்கலைக் கிண்ணங்களில் போட்டு, மாடி மாடியாகப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான்தான் சாமி படத்துக்கு எதிரே உட்கார்ந்து, படம் தெரிந்தால் அடுத்த வருடம் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்தது. கார்டைச் சொருகினாள். திரை கொஞ்ச நேரம் வெறுமனே கிடந்தது. பிறகு படங்கள் வந்தன. முதல் படம் புல். அடுத்தது புல். புல்லைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அவளோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். புல், ஒரு குளம், கொக்கு, மறுபடி புல். விடிகாலைப் படங்கள் எதிலும் ஒரு ஆள்கூட இல்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

"காலையில தண்ணி எடுக்கக்கூட யாரும் வரலியேம்மா. ஊருக்கு வேற குளம் இருக்கா?"

"தூரத்துல ஒண்ணு இருக்கு. இதுல காலையில மான் குடிக்கட்டும்னு அவங்க அங்க நடந்து போறாங்க. நாயையும் இந்தப் பக்கம் விடுறதில்ல."

"உங்க ஆளுங்க சொல்லிக்குடுத்தாங்களா?"

"இல்ல அத்தே. அவங்களே பேசி வச்சிக்கிட்டாங்க."

வீடு எரிந்து, ஓடி, திரும்பி வந்து, ஓலைக் கொட்டகையில் இருக்கிற ஜனங்கள்!

அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்து ஒரு படம். குளத்தங்கரையில் ஒரு பெண் மான். அதன் கால்களுக்கு நடுவே, புல் உயரம்கூட இல்லாமல், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒரு குட்டி. அடுத்த படத்தில் அது தண்ணீரில் வாயை வைக்கிறது. அதற்கடுத்த படத்தில் இன்னொரு பெண் மான், இன்னொரு குட்டி. மருமகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தில் அழாதவள் அப்போதுதான் அழுதாள். எனக்கும் நிற்கவில்லை.

கடைசியில் சில படங்கள் மிச்சம் இருந்தன. கார்டை எடுக்க வருகிறவரையும் கேமரா படம் எடுத்துவிடும் அல்லவா? ஏறக்குறைய என் வயதுக்காரி. கன்னத்தில் தனாக்கா என்கிற மரப்பட்டைப் பூச்சு, தலையில் விறகுக் கட்டு. ஒரு படத்தில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள். அடுத்ததில் கேமராவுக்கு நேராகக் கையை நீட்டுகிறாள். கண்ணில் பயம் அப்படியே தெரிகிறது. கை மட்டும் நீண்டுகொண்டே வருகிறது.

நான் இன்னும் பார்த்து முடிப்பதற்குள் மருமகள் அந்தப் படங்களை அழித்துவிட்டாள். எப்போதும் முதல் வேலையாக அதைத்தான் செய்வாளாம், அன்றைக்கு மட்டும் குட்டியைத் தேடுகிற அவசரத்தில் பிந்திவிட்டது. "யார் கையில கிடைச்சாலும் அவங்களுக்குத்தான் ஆபத்து. பேர்கூட நான் கேட்டதில்ல அத்தே" என்றாள்.

கேமராக்கள் அந்தப் புல்வெளியிலேயே இருக்கின்றன. நான் பால்குடம் எடுத்தாகிவிட்டது. சந்தில் குப்பை கொட்டுவதையும் விட்டுவிட்டேன். அந்த மான் குட்டியின் படத்தை எங்கெங்கோ இருக்கிறவர்கள் பார்த்து வியந்தார்களாம். அந்தக் குட்டிக்காகப் பயத்தோடு கையை நீட்டியவளின் முகம் எந்தப் படத்திலும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெல்லப் பாகை வடிகட்டும்போது அந்த முகம் எனக்குத் தெரிகிறது. பேர் தெரியாத அவளுக்கென்று முதல் கரண்டிப் பொங்கலை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறேன்.