செல்வத்தின் இரண்டு பாதமும் தரையில் பட்ட ஞாயிற்றுக்கிழமை

செல்வம் போய்விட்டான்.

காலையில் அவன் மனைவி மாலா போன் செய்தார். "அண்ணே... உங்க கூட்டாளி போயிட்டாரு..."

கிள்ளானில் ஒரே கம்பெனியில் லோரி ஓட்டினோம். நான் நெட்டை, அவன் குட்டை. நாங்கள் சேர்ந்து கேன்டீனுக்குள் நுழைந்தாலே சிரிப்புதான்.

அவனிடம் ஒரு பழைய ஸ்க்ராம்ப்ளர் பைக் இருந்தது. அவன் உயரத்துக்கு அது அதிகம். எப்போதும் நுனிக்காலில் எக்கித்தான் நிறுத்துவான்.

சர்க்கரை வியாதியால் வலது கால் விரல்களை எடுத்த பிறகு எக்க முடியவில்லை. ஒருநாள் டிராபிக் லைட்டில் பைக்கோடு சாய்ந்துவிட்டான்.

மாலா சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். "ரெண்டு பாதமும் முழுசா தரையில படட்டும். அப்புறம் சாவியக் கேளுங்க."

அதோடு ஆள் சுருங்கிவிட்டான். யார் காரில் ஏற்றிக்கொண்டு போனாலும் முகம் தொங்கிவிடும். "மூட்டை மாதிரி ஏத்தி இறக்குறாங்க மச்சான்..." என்பான்.

கடைசியில் பைக்கையே அவன் உயரத்துக்கு இறக்கிவிடுவது என்று முடிவானது. பின்பக்கத்தைக் கடையில் இறக்கிக் கொடுத்தார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் இரண்டையும் வீட்டிலேயே இறக்கிவிடலாம் என்று அறிவித்த மேதாவி யார்? நான்தான். படித்தது படிவம் மூன்று, மிச்சம் யூடியூப்.

"அப்பா, நீங்க ரிப்பேர் பண்ணா, அத ரிப்பேர் பண்ண இன்னொரு ஆள் வேணும்" என்றாள் என் மகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கழற்றினோம். ஆளுக்கு ஒரு போர்க். உள்ளேயிருந்து வந்த எண்ணெயில் கெட்டுப்போன மீன் வாடை.

உள்ளே ஒரு குட்டிக் குழாய்த் துண்டை வைத்தால் போர்க் உயரம் குறையும். பிறகு புது சீல், புது எண்ணெய். சீலை அடித்து இறக்க பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். எண்ணெய் அளக்க, அடுப்படியிலிருந்து எடுத்த ஒரு கப்...

"அண்ணே! அது நான் மைலோ குடிக்கிற கப்பு!" என்று மாலா கத்தினார்.

"கழுவிக் குடுத்துடுறோம் லா."

"வேணாம், நீங்களே வச்சுக் குடிங்க!"

எல்லாம் மாட்டி, சக்கரத்தை வைத்து அச்சைச் செருகினால் நுழையவே இல்லை. ஒரு போர்க் இறங்கியிருக்கிறது, இன்னொன்று இறங்கவில்லை. எனக்குக் கொடுத்த குழாய்த் துண்டு என் சட்டைப்பையிலேயே இருந்தது.

"டேய் நெட்டை! அதையும் உன்ன மாதிரியே செஞ்சு வச்சிருக்கியே!"

சிரித்துச் சிரித்து அவனுக்கு மூச்சு வாங்கியது. மறுபடியும் கழற்றி, மறுபடியும் மாட்டினோம்.

மாலா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். செல்வம் ஏறி உட்கார்ந்தான்.

இரண்டு பாதமும்... முழுசாக... தரையில்.

குனிந்து பார்த்தபடியே இருந்தான். மாலா உள்ளே போய் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு பாசார், கோயில், டயாலிசிஸ் எல்லாவற்றுக்கும் அவனே ஓட்டிக்கொண்டு போனான். "கார் எடுத்துட்டு வரவா?" என்று கேட்டால், இங்கே எழுத முடியாத வார்த்தைதான் பதில்.

கடைசியில் அதுவும் முடியாமல் போனது.

போன வாரம் பார்க்கப் போனேன். "ஓட்டல மச்சான்... சும்மா கொஞ்ச நேரம் மேல உக்காரணும்" என்றான்.

நானும் மாலாவும் தாங்கி உட்காரவைத்தோம். கையில் எடுத்தால் எடையே இல்லை. சாய்ந்துவிடுவானோ என்று பின்னால் நின்று சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். சத்தமே போடவில்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் கண்டுபிடித்துவிட்டான்.

"புடிச்சிருக்கியா? விடு லா... நான் நிக்கிறேன்."

விட்டேன்.

நின்றான்.

நாளை மதியம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பழைய லோரிக் கூட்டாளிகள் முடிந்தால் வாருங்கள்.

மெதுவா போ மச்சான்...