எலுமிச்சம்பழம் நசுக்கத் தள்ளிய பஸ்

இன்று நம் டெப்போவில் பழைய பஸ் கண்காட்சி. அக்கா மகளை அழைத்துப் போயிருந்தேன். மூக்கு நீண்ட ஒரு பஸ்ஸில் அவளும் இன்னும் சில குழந்தைகளும் ஏறி உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பூஜை போட்டார்கள். முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். இன்ஜின் ஓடாது, அதனால் கையால் தள்ளியே பழத்தை நசுக்கப் போகிறார்களாம். பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்கள்.

"ஏனுங்க, பிரேக் புடிக்குமா?" என்று கேட்டேன்.

"அரை அடிதானுங்க தம்பி, அதுக்கெதுக்கு பிரேக்கு?" என்றார் ஏற்பாடு செய்த வெள்ளைச் சட்டைக்காரர்.

தரை கேட் பக்கம் சரிவு. அதைச் சொல்வதற்குள் தள்ளிவிட்டார்கள். பழம் நசுங்கியது. பஸ் நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்தவர் பிரேக்கை மிதிமிதியென்று மிதிக்கிறார், தள்ளியவர்களே பின்னால் இழுக்கிறார்கள். அத்தனை டன் இரும்பு கேட்குமா? கேட்டில் கூட்டம். ஜன்னலில் அக்கா மகள் சிரித்துக்கொண்டே கையாட்டுகிறாள்.

கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின் சக்கரத்துக்கு முன்னால் போட்டேன். சக்கரம் ஏறப் பார்த்தது, சறுக்கியது, நின்றது.

குழந்தைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு மூச்சு வாங்க நின்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, அந்தக் கல்லைக் கொஞ்சம் எடுங்க. எடது பக்கத்துப் பழம் உருண்டு தப்பிச்சிருச்சுங்க."

இப்போது அந்தக் கல்லின் மேல் காலை ஊன்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவர் வேறு பழத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது சீக்கிரம் வாருங்கள். நான் காலை எடுத்தால் தள்ளிவிடுவார்கள்.