சோதனைச்சாவடியில் ஒரு வேடிக்கைப் பேச்சு

போர் தொடங்கிப் பள்ளிகளை மூடியதும், பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பிழைப்பு போயிற்று. புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்கள் தங்கும் விடுதி ஒன்றில்தான் மறுபடி ஸ்டியரிங் கிடைத்தது. காலையில் விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, மாலையில் திரும்ப. குழந்தைகளோடு, சூடு படக் கூடாத மருந்துகள் வைத்த பெட்டி ஒன்றும் வேனில் போகும். ஹாரனை ராகம் போட்டு அடிப்பாள் என்பதால் குழந்தைகள் அவளுக்கு 'ஹாரன் அத்தை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பாலத்தருகே ஒரு சோதனைச்சாவடி. அங்கே அவளுடைய ஆயுதம் வாய்தான். வேனில் வேறு யாரும் பேசக் கூடாது, அவள் மட்டுமே பேசுவாள் என்பது வண்டிச் சட்டம். துப்பாக்கியோடு எட்டிப் பார்ப்பவனிடம், "என்ன தம்பி, நீ தொப்பியைப் போட்டிருக்கியா, தொப்பி உன்னைப் போட்டிருக்கா?" என்பாள். சிரிக்கிறவன் மருந்துப் பெட்டியைத் திறந்து வெயிலில் வைக்க மாட்டான். இந்த வித்தையில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுமியை அவள் அப்பாதான் கூட்டி வருவார். தச்சர். மனைவி முதல் குண்டுவீச்சிலேயே போய்விட்டாள். அம்மாக்கள் நிறைந்த வேனில் அவர் ஒருவர்தான் ஆண். ஆண்களைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டுபோகிற காலம் என்பதால், உயரமான உடம்பைச் சுருட்டிக்கொண்டு கடைசி சீட்டில் இருப்பார்.

அன்று சாவடியில் நின்றவன் புதியவன். எந்தப் பேச்சும் எடுபடவில்லை. மருந்துப் பெட்டியின் பூட்டில் கை வைத்தான். அவள் பதறிப்போய், வாயில் வந்ததை எடுத்து வீசினாள்.

"பெட்டியில என்ன தம்பி இருக்கு? கடைசி சீட்டைப் பாருங்க, பனைமரமாட்டம் ஒருத்தர் பொம்பளைங்களோட பொம்பளையா ஒளிஞ்சிருக்கார். அவரைக் கூட்டிட்டுப் போங்க, சண்டை சீக்கிரம் முடிஞ்சிடும்!"

ஒரு அம்மா சிரித்தாள். புதியவன் சிரிக்கவில்லை. பெட்டியை விட்டுவிட்டுக் கடைசி சீட்டைப் பார்த்தான்.

"நீ இறங்கு."

"ஐயோ தம்பி, விளையாட்டுக்குச் சொன்னேன்! பிள்ளைக்கு அவர்தான் துணை."

"இத்தனை பொம்பளைங்க இருக்கீங்கல்ல? பார்த்துக்குங்க."

மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையை, தச்சர் மெல்லத் தூக்கிப் பையின் மேல் வைத்தார். இறங்கும்போது, "எழுந்ததும் தண்ணி கேட்பா" என்று மட்டும் சொன்னார். ஹாரன் அத்தை தலையாட்டினாள். ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். வண்டியை எடுத்தாள்.

கண் விழித்த சிறுமி, "அப்பா எங்க?" என்றாள். "வேலையாப் போயிருக்கார் கண்ணு" என்றாள் அத்தை. குழந்தை அதை நம்பவில்லை.

மறுநாள் வேனில் ஒருத்தியும் அவளைக் குத்திப் பேசவில்லை. "விதி அக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் ஒருத்தி. விதியாம்! ஒருத்தி வாயைத் திறந்தாள், துப்பாக்கி வைத்திருந்தவன் காதில் வாங்கினான், யாரை எதற்குக் கொல்கிறோம் என்றே தெரியாத ஒரு போர் இன்னொரு ஆளை விழுங்கியது. இதில் விதி எங்கே வந்தது? வேனை நிறுத்திவிட்டால் தங்கள் பிள்ளைக்கு மருந்து இல்லை என்பது அந்த அம்மாக்களுக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலைக் கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது. உதவி செய்கிறவளைத் திட்டக்கூட உரிமை இல்லாத இடத்தில் இவர்களை உட்கார வைத்திருக்கிறோம் என்பது அதுவரை அவள் புத்தியில் ஏறியதே இல்லை.

ராணுவ முகாமுக்குப் போனாள். வாசலில் இருந்த அதிகாரியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க! ஆளை நேத்தே போர்முனைக்கு அனுப்பியாச்சு." அவள் பேச்சுக்கு ஒரு ராணுவக்காரன் இவ்வளவு சிரித்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் சிறுமி மருந்து ஏற்றக் கையை நீட்ட மறுத்தாள். நர்ஸ் கெஞ்சினாள், டாக்டர் மிரட்டினார். இரண்டு கைகளையும் போர்வைக்குள் இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். இன்றைக்கு ஏற்றாவிட்டால் இதுவரை ஏற்றியதெல்லாம் வீணாகிவிடும் என்றார் டாக்டர்.

"ஏம்மா இப்படிப் பண்ற?" என்று நர்ஸ் கேட்டாள்.

"போன தடவை ஊசி போட விடாம அழுதேன்ல. அதான் அப்பா விட்டுட்டுப் போயிட்டாரு."

வாசலில் நின்ற ஹாரன் அத்தை அதைக் கேட்டாள். திரும்பிப் போய்விடலாம், பிடித்துப்போனவன் மேல் பழியைப் போட்டுவிடலாம், அதுவும் பாதி உண்மைதான். ஆனால் அந்த அறையில் இருந்த அம்மாக்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனாள்.

"அப்பா உன்னை விட்டுட்டுப் போகல கண்ணு. சாவடியில நான் அவரைக் கிண்டல் பண்ணிப் பேசினேன். அதைக் கேட்டுத்தான் பிடிச்சிட்டுப் போனாங்க. நீ தூங்கிட்டிருந்தே. உன் தலையைப் பையில சாய்ச்சு வச்சிட்டு, எழுந்தா தண்ணி கேட்பான்னு சொல்லிட்டு இறங்கினார். தப்பு என்னுது."

சிறுமி சுவரிலிருந்து திரும்பினாள்.

"அப்ப எம்மேல கோவம் இல்லையா?"

"துளிகூட இல்ல."

"திரும்ப வருவாரா?"

வருவார் என்று சொல்ல வாயெடுத்தாள். "தெரியல" என்றாள்.

சிறுமி போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து நர்ஸ் பக்கம் நீட்டினாள்.

"இவங்க வெளிய போகட்டும்" என்றாள்.

அத்தை வெளியே போனாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை.